கைவழியின் ஏழாம் நிலை

பதிவு மேசை இரண்டரைக்கு மூடப்படும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ரோஸ்விட்டா டீமன் இரண்டு இருபத்தெட்டுக்கு உள்ளே வந்தாள்.

மேசையில் ஸில்கெ இருந்தாள். கை வைத்து உடலை அறியும் முறையைக் கற்பிக்கும் சங்கத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர். அவள் முன்னால் ஒரு பட்டியல், ஒரு தடித்த பேனா, ஒரு சுருள் ஒட்டுக் காகித நாடா.

"பேரை எழுதி நெஞ்சுல ஒட்டிக்கோ. முதல் பேர் மட்டும். இங்க எல்லாரும் நீதான்."

"தெரியும். முப்பத்தாறு வருஷமா வர்றேன்."

"அப்ப சுலபம்."

தொடர்கல்வி நடக்கும் மூன்று நாளும் பயிற்றுநர்கள் ஒருவரையொருவர் நீ என்றுதான் கூப்பிட வேண்டும். திங்கட்கிழமைக் கடிதங்களில் நீங்கள் என்பது திரும்பிவிடும். உரிமத்தை ரத்து செய்யும் கடிதம் எப்போதும் நீங்கள் என்றே தொடங்கும்.

ரோஸ்விட்டா நாடாவின் நுனியைத் தேடினாள். கண்ணால் தேடினாள். போன மே மாதம் மருந்து ஏற்றி முடித்தார்கள். கட்டி போய்விட்டது என்றார்கள். அதோடு பத்து விரல் நுனிகளிலும் உணர்ச்சி போயிருந்தது. அது திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். அதற்குப் பிறகு பித்தான் போட அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. சாவியை எடுக்கப் பையைக் கவிழ்க்க வேண்டியிருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து சுருளை வாங்கிக்கொண்டது. கட்டடத்தைப் பராமரிக்கும் ஹெர் லூட்கெ.

"குடுங்க ஃப்ராவ் டீமன். இந்தச் சனியன் எனக்கே சுலபத்துல வராது."

தொடர்கல்வி நடக்கும் பாட் எலரோடெ ஊர்க் குளியல் மாளிகையில் அவர் ஒருவர்தான் எல்லாரையும் ஹெர், ஃப்ராவ் என்று மரியாதை வைத்து நீங்க என்பார். அவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கூட மாடி ஏறினார். திருப்பத்தில் நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

அவர் சட்டைக் காலரை இழுத்து இடது காறையெலும்புக்கு மேலே காட்டினார். "இங்க ஒண்ணு இருக்கு. செர்ரிக் கொட்டை அளவுக்கு. செப்டம்பர்லேர்ந்து. வலிக்கல."

"டாக்டர்?"

"பெரிய டாக்டர்கிட்ட ஏப்ரல் ஒம்பதாம் தேதி நேரம் குடுத்திருக்காங்க. அன்னிக்குத்தான் கொதிகலன் சோதனைக்கு ஆள் வர்றாங்க. நான் இல்லன்னா அவங்க எதையாவது கழட்டிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒரு தடவை கை வெச்சுப் பாத்து ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா, அந்த நேரத்தை ரத்து பண்ணிடுவேன்."

"டாக்டர்கிட்டயே போங்க ஹெர் லூட்கெ."

"எங்க அம்மாவுக்கு ஓஸ்டர்லோ அம்மா இதே மாடியில கை வெச்சாங்க. அரை நிமிஷம் இருக்கும். கோட்டைப் போடக் கூட விடல. நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா இருபது வருஷம் இருந்தாங்க. அந்தக் கைக்கு அடுத்த கை உங்களோடதுன்னு சொல்றாங்க."

ரோஸ்விட்டா கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். "இப்ப கை குளிர்ந்து போயிருக்கு."

"பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பீங்கல்ல."

அவர் பெட்டியை அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பரில் அவள் சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். என் விரல்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை, நான் தொடர்ந்து கற்பிக்கலாமா என்று இரண்டு வரி. ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் அக்கறைக்கு நன்றி. தனிப்பட்ட வளங்கள் பற்றிய கேள்விகளுக்குத் தொடர்கல்வியில் இடம் உண்டு. கூடவே பதிவுப் படிவம்.

போன வாரம் அவளுடைய வகுப்பில் ஒரு மாணவி நோயாளியின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, இப்ப இளகுதா என்று கேட்டாள். ரோஸ்விட்டா மாணவியின் கைமேல் தன் கையை வைத்தாள். இளகுது என்றாள். அவள் கைக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னது முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. மார்ச்சில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். நிறுத்து அல்லது நடத்து, இரண்டில் ஒன்றை யாராவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவையான பதினெட்டு அலகுகளுக்காகவும்.

*

மூன்று மணிக்கு முப்பத்தொரு பயிற்றுநர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். எல்லார் காலிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் செருப்பு. வட்டத்தின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. தீயணைப்பு விதிகளின்படி அது மின்கலத்தில் எரிந்தது.

பயிற்சித் துறைத் தலைவர் ஃபோல்கர் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினார். ஒலி அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அடங்கிவிட்டதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மேலும் காத்திருந்தார்கள்.

பிறகு ஒரு கூழாங்கல் சுற்றி வந்தது. கல் யார் கையில் இருக்கிறதோ அவர் தன் நிலையைச் சொல்ல வேண்டும்.

ரோஸ்விட்டாவுக்கு இடப்பக்கம் ஓல்டன்பர்க்கிலிருந்து வந்த பெர்ன்ட். அவர் கல்லை வாங்கினார். "வந்துட்டேன். இருக்கேன். ஞாயித்துக்கிழமை நாலு பதினொண்ணுக்கு ரயில்." கல்லை ரோஸ்விட்டாவின் கையில் வைத்தார். அது உள்ளங்கையில்தான் இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டாள்.

"மே மாசத்துலேர்ந்து என் விரல்ல உணர்ச்சி இல்ல," என்றாள். "தொட்டா ஒண்ணும் தெரியல. நான் இன்னும் கத்துக்குடுக்கலாமா கூடாதான்னு கேக்க வந்திருக்கேன்."

இரண்டு பேர் கண்ணை மூடித் தலையசைத்தார்கள். ஒருத்தி மூக்கால் மெல்ல முனகினாள். அது ஆமோதிப்பு.

"நன்றி ரோஸ்விட்டா," என்றார் ஃபோல்கர். "இதை அப்படியே இருக்க விடலாம்."

அது அப்படியே இருந்தது. கல் அடுத்தவளிடம் போனது. அவள் தன் வீட்டுப் பூனையைப் பற்றிச் சொன்னாள்.

பிறகு ஃபோல்கர் அட்டையைத் திரையில் காட்டினார். அது எல்லாருக்கும் தெரிந்த அட்டைதான். இந்த முறையைத் தோற்றுவித்த ஹெட்விக் ஓஸ்டர்லோ இறந்து பதினைந்து வருடம் கழித்து அவருடைய அலமாரியில் கிடைத்தது. அஞ்சலட்டை அளவு. பென்சில் எழுத்து. முதலில் ஒன்றுமில்லை என்று ஒரு சொல். அதை ஒட்டி ஒரு சின்னச் சுழி. பிறகு கை என்பதற்கான ஜெர்மன் சொல் ஹாண்ட், பிறகு வெக்.

தனித்தனியாகப் படித்தால் அதற்குக் கையை எடு என்று அர்த்தம். பேக்கரியில் ரொட்டியை அமுக்கிப் பார்க்கும் பிள்ளையிடம் தாய்மார் சொல்வது. சேர்த்து, கொஞ்சம் இழுத்துப் படித்தால் கைவழி. எழுத்துகள் அவையேதான். சங்கத்தின் பணிக்குழு மூன்று வருடம் உட்கார்ந்து சேர்த்துப் படிப்பது என்று முடிவு செய்தது. ஒன்றுமில்லை, கைவழி. அதிலிருந்து ஏழு நிலைகள் வந்தன. ஏழு நிலைகளிலிருந்து ஏழு பாடப்பகுதிகள் வந்தன. ஒவ்வொன்றும் பதினெட்டு அலகு.

"கை எதைத் தேடுது?" என்று ஃபோல்கர் கேட்டார். "தேடற கை எதையாவது கண்டுபிடிச்சுடும். அதுதான் மத்த முறைகளோட சோகம். அவங்க எதையோ உணர்ந்துடறாங்க. உணர்ந்தப்புறம் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறாங்க. ஓஸ்டர்லோ அம்மா அந்தக் கதவை நமக்காகச் சாத்திட்டுப் போனாங்க."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

*

செய்முறை நாலரைக்கு. ஆளுக்கு ஒரு கட்டில், ஆளுக்கு ஒரு கம்பளி. கம்பளியைச் சுருட்டிக் கட்டிலில் கிடத்த வேண்டும். தலைப்பக்கம் எது என்று தெரிய ஒரு காலுறை. பயிற்றுநர் பயிற்சியில் மனித உடலைத் தொடுவதில்லை என்று சங்கம் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே தீர்மானித்திருந்தது. மனித உடல் கவனத்தைச் சிதறடிக்கிறது.

கம்பளிமேல் இரண்டு கைகளையும் இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு தாளில் ஒரே கேள்வி. ஒன்றுமில்லை என்பதை எவ்வளவு தெளிவாக உணர்ந்தீர்கள்? பள்ளிக்கூடத்தில் போல ஒன்று என்றால் மிகச் சிறப்பு, ஆறு என்றால் தோல்வி.

ஸில்கெ ஒவ்வொரு கட்டிலாக வந்தாள்.

"எனக்குக் கம்பளி குத்துது," என்றார் பெர்ன்ட்.

"குத்தறது கம்பளி இல்ல. உன் எதிர்பார்ப்பு."

"ஆட்டு ரோமம்னு சீட்டுல போட்டிருக்கு."

"நாலு," என்று ஸில்கெ எழுதினாள்.

காஸலிலிருந்து வந்த ஒருத்திக்குத் தன் கம்பளி மூச்சு விட்டதுபோல் இருந்ததாம். அவளுக்கு ஐந்து. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கம்பளியைப் பிரித்து மறுபடி சுருட்டினாள்.

ரோஸ்விட்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்காவில் நீரூற்றைக் குளிர்காலத்துக்காகப் பலகையால் மூடியிருந்தார்கள். அதன்மேல் ஒரு காகம் நடந்துகொண்டிருந்தது. கைகள் கம்பளிமேல் இருந்தன. இருந்தன என்று கண் சொன்னது.

ஸில்கெ அவளருகே நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு தன் பென்சிலை ரோஸ்விட்டாவின் விரல்களுக்கும் கம்பளிக்கும் நடுவே மெல்ல நுழைத்தாள். மறுபக்கம் வழியாக எடுத்தாள். ரோஸ்விட்டா காகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோஸ்விட்டா. இப்ப என்ன தெரிஞ்சுது?"

"எப்ப?"

ஸில்கெ தாளில் ஒன்று என்று எழுதினாள். எழுதியதைத் தானே ஒருமுறை பார்த்தாள். "நான் இந்தப் பொறுப்புக்கு வந்து ஒம்பது வருஷம். யாருக்கும் ஒண்ணு போட்டதில்ல," என்றாள்.

"நான் முன்னாடியே சொன்னேன். எனக்கு உணர்ச்சி இல்ல. அது வியாதி."

"அப்படிச் சொல்லி உன்னையே குறைச்சுக்காதே."

*

இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. பருப்பு சூப், ரொட்டி, பெருஞ்சீரகத் தேநீர். ரோஸ்விட்டா சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி மேசைக்குக் கொண்டுவந்தாள். பெர்ன்ட் எதிரே உட்கார்ந்தார்.

"உன் விரலைப் பாரு," என்றார்.

அவள் பார்த்தாள். வலது கை நடுவிரலில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"வலிக்கலையா?"

"இல்ல."

"அப்ப உன் கையில ஏதோ இருக்கு."

"இதைத்தான் மத்தியானம் சொன்னேன்."

"நீ சொன்னப்போ நானும் அது ஏதோ உவமைன்னு நினைச்சேன். இங்க யாரு எதை நேரடியாச் சொல்றாங்க?" அவர் ரொட்டியைப் பிய்த்தார். "எங்க ஊர்ல என்கிட்ட ஆறு பேர் படிக்கிறாங்க. உண்மையைச் சொன்னா எனக்குக் கை வெச்சா நல்லாத் தெரியும். கல்லீரல் எங்க இருக்கு, எங்க இறுகியிருக்கு, எல்லாம். இங்க வந்தா வாயைத் திறக்க மாட்டேன். நாலு வாங்கிட்டுப் போயிடுவேன். நாலுன்னா பாஸ்."

ஸில்கெ விபத்துப் பதிவேட்டோடு வந்தாள். கட்டடத்துக்குள் நடக்கும் காயங்களை எழுதியாக வேண்டும்.

"இடம்?"

"உணவுக்கூடம்."

"வலி தொடங்கின நேரம்?"

"வலி இல்ல."

"அந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாது."

"வலிக்கல, ஸில்கெ."

ஸில்கெ யோசித்தாள். "அப்ப இது விபத்து இல்ல," என்று பதிவேட்டை மூடினாள்.

*

சனிக்கிழமை காலை இடைவேளையில் ரோஸ்விட்டா ஃபோல்கரைக் காபி இயந்திரத்தின் அருகே பிடித்தாள்.

"அந்த அட்டை எனக்கு எழுதினது," என்றாள்.

"எந்த அட்டை?"

"கைவழி அட்டை. எண்பத்தி எட்டு, பிப்ரவரி. என் தேர்வு. இதே மாடி. கட்டில்ல ஒரு ரொட்டிக் கடைக்காரர் படுத்திருந்தார். பத்து நிமிஷமா அவர் வயித்துல கை வெச்சிருந்தேன். ஓஸ்டர்லோ அம்மா காபியோட வந்து என்னன்னு சைகை காட்டினாங்க. நான் தலையை ஆட்டினேன், ஒண்ணும் தெரியலன்னு. அவர் தூங்கிட்டிருந்தார், பேச முடியல. அதனால அட்டையில எழுதிக் காட்டினாங்க. ஒண்ணும் இல்லையா? கையை எடு. அவ்வளவுதான்."

ஃபோல்கர் கோப்பையைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்பதில் அவருக்குச் சான்றிதழ் உண்டு.

"அப்புறம் வெளியில கூட்டிட்டுப் போய்ச் சொன்னாங்க. கைக்குத் தெரியலன்னா கை அங்க இருக்கக் கூடாது. வெச்சுக்கிட்டே இருந்தா, ஏதோ நடக்குதுன்னு படுத்திருக்கிறவர் நம்பிடுவார். அது திருட்டு. இப்படியே சொன்னாங்க. திருட்டுன்னு."

"நேர்ல பாத்தவங்களோட ஞாபகம் நமக்கு ரொம்ப மதிப்புள்ளது," என்றார் ஃபோல்கர். "ஆனா ஞாபகம் வேற, ஆதாரம் வேற."

"கேள்விக்குறி போட்டிருக்காங்களே."

"அது காபிக் கறை. பணிக்குழு வாக்கெடுத்துச்சு. ஏழுக்கு ஆறு."

"ரெண்டு சொல்லுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு."

"இடைவெளி ஒரு மூச்சு. எழுதும்போது அவங்க மூச்சு விட்டிருக்காங்க. அதுக்கு நாம ஒரு தனிப் பாடப்பகுதியே வெச்சிருக்கோம்."

"ஃபோல்கர், என் கைக்கு உணர்ச்சி இல்ல. என் மாணவர்கள் என் கையை நம்பறாங்க. நான் நிறுத்தணுமா?"

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவர் அழுத்துகிறாரா என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அழுத்துவதுபோல் இருந்தது.

"நாங்க எல்லாரும் இருபது வருஷமா எங்க போய்ச் சேரணும்னு நடக்கிறோமோ, அங்க நீ உக்காந்திருக்க," என்றார். "ஏழாம் நிலை வரைக்கும் பாடத்திட்டம் இருக்கு. ஆனா ஆறைத் தாண்டி யாரும் போனதில்ல, நான் உள்பட. எனக்கு இன்னமும் கம்பளி தெரியுது. நாளைக்குப் பதினோரு மணிக்கு நீ செஞ்சு காட்டற. கம்பளி வேண்டாம். உயிருள்ள ஆள்மேல."

"மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமையோட ஆறு அலகு அதுலதான் வருது."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவு மேசைக்குப் போனாள். உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்று ஸில்கெயிடம் கேட்டாள்.

ஸில்கெ கோப்பைப் புரட்டினாள். "படிவம் பத்தொம்பது. காரணம் எழுதணும்."

"கை மரத்துப் போச்சு."

"அதை ரெண்டு தேர்வாளர்கள் உறுதி பண்ணணும்."

"பண்ணட்டும்."

"கையைச் சோதிக்கறது முறைக்கு விரோதம். சோதிக்கிற கை தேடற கை." ஸில்கெ இன்னொரு பக்கத்தைப் பார்த்தாள். "சொந்த விருப்பத்துல விலகலாம். அதுக்கு விட்டுவிடுதல்னு ஒரு பாடப்பகுதி இருக்கு. பதினெட்டு அலகு. அடுத்த வருஷம் நவம்பர்ல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீ பயிற்றுநர்."

"அலகு போதலன்னா உரிமம் தானா ரத்தாகுமே."

"ஆகும். உன்னோடது ஆகாது. நேத்து நீ வாங்கின ஒண்ணுக்கு ஊக்க அலகு உண்டு. இருபது." ஸில்கெ சிரித்தாள். முதல் தடவையாக. "உனக்காக ஃபோல்கர் காலையிலயே கையெழுத்து போட்டுட்டார்."

ரோஸ்விட்டா அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே ஹெர் லூட்கெ பாதையில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். வாளியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது தோளை ஒருமுறை சுழற்றினார். அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபம் வர வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. நாளைக்கு முப்பது பேர் முன்னால் கை வைப்பது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்வது. கையை எடுப்பது. ஓஸ்டர்லோ அம்மா சொன்னபடி, இடைவெளி விட்டு. ஒரு சங்கத்தின் கண் முன்னால் அதைச் செய்துவிட்டால், மார்ச்சில் அவளிடம் யாரும் படிக்க வர மாட்டார்கள். அதன் பிறகு படிவம் தேவைப்படாது.

மூன்று மணிக்குக் கீழே போய்ச் சம்மதம் என்றாள். ஃபோல்கர் கிண்ணத்தைத் தட்டினார்.

*

ஞாயிறு பதினோரு மணிக்கு வட்டம் இரட்டை வட்டமாகியிருந்தது. நடுவில் கட்டில், வெள்ளை விரிப்பு. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அதன் தலைப்பக்கம் காலுறை இல்லை.

ஃபோல்கர் பேசினார்.

"அன்பானவங்களே. நம்ம சங்கம் பன்னெண்டு வருஷமா யாருக்கும் ஒரு தீங்கும் செஞ்சதில்ல. ஏன்னு கேட்டா, பன்னெண்டு வருஷமா இங்க யாரையும் தொட்டதில்ல. இதை நான் பெருமையோட சொல்றேன். உணர்ந்தா சொல்ல வேண்டியிருக்கும். சொன்னா பொறுப்பு வரும். பொறுப்பு வந்தா காப்பீட்டுக்காரங்க வருவாங்க. ஒண்ணுமில்லை எவ்வளவு தூய்மையானதோ அவ்வளவு பாதுகாப்பானது. இன்னிக்கு அது ஒரு கை வடிவத்துல நம்ம முன்னாடி வந்திருக்கு."

பெர்ன்ட் கடிகாரத்தைப் பார்த்தார்.

"யார் படுக்கறாங்க?" என்று ரோஸ்விட்டா கேட்டாள்.

"உறுப்பினர்கள் படுக்க முடியாது," என்றாள் ஸில்கெ. "உறுப்பினருக்கு முன்னறிவு இருக்கும். வெளியாள் ஒருத்தர் சொந்த விருப்பத்துல முன்வந்திருக்கார்."

கதவு திறந்தது. ஹெர் லூட்கெ வந்தார். வேலைச் சட்டைக்குப் பதிலாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முடியை ஈரம் தொட்டு வாரியிருந்தார். வாசலில் பூட்சைக் கழற்றினார். ஒரு காலுறையில் ஓட்டை இருந்தது. அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க படுக்கணும்?"

"இங்க, ஹெர் லூட்கெ," என்றார் ஃபோல்கர். "இதுல கையெழுத்து போட்டுட்டு. நாங்க எதையும் கண்டுபிடிக்க மாட்டோம்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படுத்தார். காலரின் இரண்டு பித்தான்களைத் தானே கழற்றினார்.

ரோஸ்விட்டா கட்டிலின் தலைப்பக்கம் நின்றாள். குனிந்து அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எழுந்து போயிடுங்க."

"ஏன், இன்னும் கை குளிர்ந்திருக்கா?"

"ஆமா."

"வைங்க, சூடாகிடும்." அவர் இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "நானேதான் கேட்டு வந்தேன் ஃப்ராவ் டீமன். முதல் நாள் மாடியில உங்களைச் சங்கடப்படுத்திட்டேன்னு தோணிச்சு. வேலை நேரத்துல கேட்டது தப்பு. இது முறைப்படி."

"ஏப்ரல் ஒம்பது."

"அது உங்க கையில இருக்கு."

ஃபோல்கர் கிண்ணத்தைத் தட்டினார். முப்பது பேரும் கண்ணை மூடினார்கள். ஒலி அடங்கியது.

அவள் வலது கையை அவருடைய இடது காறையெலும்புக்கு மேலே வைத்தாள். கை சரியான இடத்தில் இருக்கிறது என்று கண் சொன்னது. விரல்களுக்குக் கீழே தோல் இருந்திருக்க வேண்டும். தோலுக்குக் கீழே அது இருந்திருக்க வேண்டும். அது நகர்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ரப்பர் மாதிரி இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா. ஒரு காலத்தில் இது அரை நிமிட வேலை. கோட்டைக்கூடப் போட விடாமல் அனுப்பியிருப்பாள்.

கொப்புளம் இருந்த விரலைக் கொஞ்சம் அழுத்தினாள். விரல் வளைவதைப் பார்த்தாள்.

அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. ஹெர் லூட்கெ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்துகொண்டிருந்தது. ஏதோ நடக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் நேற்றிலிருந்து தயாராக வைத்திருந்த வாக்கியம் அது. இந்த அறையில் அதற்கு முப்பத்திரண்டு பேர் காதில் ஒரு அர்த்தம், கட்டிலில் கிடப்பவர் காதில் வேறு அர்த்தம்.

பேசாமல் கையை எடுத்தாள்.

ஃபோல்கர் கண்ணைத் திறந்து பார்த்தார். அந்தரத்தில் நின்ற கையைப் பார்த்தார். "எட்டு," என்று ஸில்கெயிடம் முணுமுணுத்தார். "எட்டாம் நிலை. குறிச்சுக்கோ. கை தானா விலகுது." ஸில்கெ குறித்துக்கொண்டாள். மற்றவர்களும் கண்ணைத் திறந்து நோட்டை எடுத்தார்கள். இருபத்தொன்பது பேனாக்கள் நகரும் சத்தம் கேட்டது. பெர்ன்ட் மட்டும் எழுதவில்லை. அவர் எழுந்து நின்று, கட்டிலில் கிடந்தவரின் கழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெர் லூட்கெ எழுந்து உட்கார்ந்தார். பித்தான்களைப் போட்டார். மேல் பித்தான் அவருக்கு இரண்டாம் முறைதான் மாட்டியது. பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணும் இல்லையா, ஃப்ராவ் டீமன்?"